முடக்கவே முடியாது என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

நாகல் நகரிலும் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்திலும் பைத்தானில் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

ரயிலடிப் பக்கத்து மொத்தக் கடையில், பேகம்பூர்த் தோல் கிடங்கில், வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலை அலுவலகத்தில், சின்னாளபட்டிச் சேலை வியாபாரியின் மேசையில் என்று நீங்கள் எழுதிய மென்பொருள்கள் இன்று பல இடங்களில் ஓடுகின்றன. பெரிய நிறுவனங்களின் உரிமக் கட்டணத்தைக் கட்ட யோசிப்பவர்களுக்கு நீங்கள்தான் கைகொடுக்கிறீர்கள். முதலாளி காலையில் கேட்ட மாற்றத்தை மாலைக்குள் செய்து தருகிறீர்கள். அந்த மரியாதை எனக்கு உங்கள்மீது நிறையவே உண்டு. அதனால்தான் வேறு யாரிடமும் முறையிடாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் எழுதி முடித்துக் கொடுத்ததைப் பிறகு திறந்து பார்க்கும் வேலை எனக்கு அவ்வப்போது வருகிறது. அண்மைக் காலமாக ஒரே மாதிரியான ஒரு கோப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் இன்வாய்ஸ் கிளாஸையோ லெட்ஜர் கிளாஸையோ பிடிக்கிறது. அதிலுள்ள மெத்தட்களை ஒவ்வொன்றாக எடுத்து, மேலே லாக் எழுதும் ஓர் உறையை மாட்டி, செட்ஆட்டர் போட்டு அதே பெயரில் திரும்ப வைத்துவிடுகிறது. நிரல் எழுதுபவர்கள் இதை மங்கி பேட்ச் என்று சொல்வார்கள். கொஞ்சம் படித்தவர்கள் ஆஸ்பெக்ட் என்பார்கள். இந்த வேலையையே தப்பென்று நான் சொல்லவில்லை. அதைச் செய்த கையோடு, இந்த லாக்கை யாராலும் முடக்க முடியாது என்று முதலாளியிடம் நீங்கள் கொடுக்கிற வாக்குதான் என் வழக்கு.

அந்த வாக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். கணக்குப் புத்தகங்களைக் கணினியில் வைத்திருக்கும் கம்பெனிகள், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஆடிட் டிரெயில் வைக்கும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்று ஒன்றிய கம்பெனி விவகார அமைச்சகம் 2021 மார்ச் 24 அன்று விதியைத் திருத்தியது. இரண்டு முறை தள்ளிப்போய், 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கணக்கில் செய்த ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு எடிட் லாக்கில் இருக்க வேண்டும். அந்தப் பதிவை யாராலும் முடக்க முடியக் கூடாது. உரிமையாளர் ஒருவர் மட்டும் நடத்தும் கடைக்கும் கூட்டு வணிகத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் பிரைவேட் லிமிடெட் என்று பலகை மாட்டிய ஆலைக்குப் பொருந்தும். ஆடிட்டர் தன் அறிக்கையில் இதைப் பற்றித் தனியாகக் கருத்துச் சொல்லியாக வேண்டும். புத்தகங்களைச் சரியாக வைக்கத் தவறினால், பொறுப்பிலிருக்கும் இயக்குநருக்குக் கம்பெனிச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி 50,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். மாட்டப்போவது அவர். நிரல் எழுதிய உங்கள் பெயர் அந்தக் காகிதத்தில் எங்கும் இராது.

விதி வந்ததும் முதலாளிகள் உங்களிடம் ஓடிவந்தார்கள். உங்கள் கையில் இருந்ததோ ஐந்தாறு ஆண்டுகளாக வளர்ந்த நிரல். பில் போடும் இடம், பில் திருத்தும் இடம், ரசீது ரத்து செய்யும் இடம், ஸ்டாக் சரிசெய்யும் இடம் என்று எங்கெங்கோ சிதறிக் கிடந்த மெத்தட்களில் எல்லாம் லாக் வரியைச் சேர்க்க வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனாலும் போச்சு. இந்தத் தலைவலி உலகத்துக்கே பொதுவானது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் கிரெகர் கிசாலஸும் அவருடைய சகாக்களும் 1997இல் ஆஸ்பெக்ட் வழி நிரலாக்கம் என்று ஒரு கட்டுரை எழுதியதற்குக் காரணமே இதுதான். லாக், அனுமதிச் சோதனை, டிரான்ஸாக்ஷன் போன்றவை எந்த ஒரு கிளாஸுக்குள்ளும் அடங்காமல் எல்லாவற்றின் குறுக்காகவும் ஓடுகின்றன. அவற்றைத் தனியே ஓரிடத்தில் எழுதுங்கள், எந்தெந்த மெத்தட்டில் அவை நுழைய வேண்டும் என்பதையும் தனியே சொல்லுங்கள், இரண்டையும் கருவி இணைக்கட்டும் என்றார்கள். நுழையும் இடங்களின் வரையறை பாயிண்ட்கட். அங்கே நடக்க வேண்டிய வேலை அட்வைஸ். ஜாவாவுக்கு அவர்கள் செய்துகொடுத்த ஆஸ்பெக்ட்ஜே இந்த இணைப்பைப் பெரும்பாலும் கம்பைல் செய்யும்போதே முடித்துவிடும்.

பைத்தானில் அதற்குத் தனிக் கருவியே தேவைப்படாததுதான் உங்களுக்கு வசதி. கிளாஸும் ஓர் ஆப்ஜெக்ட்தான். அதன் மெத்தட்டை ஓடும்போதே மாற்றலாம். மெத்தட்டை ஒவ்வொரு முறையும் கிளாஸில் போய்த்தான் தேடுகிறது என்பதால், ஏற்கெனவே உருவாகிவிட்ட ஆப்ஜெக்ட்களுக்கும் புதிய உறை உடனே பொருந்திவிடும். சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்த உங்களுக்கு வேறுபாட்டைச் சொல்லத் தேவையில்லை: கரையைத் தறியிலேயே சேலையோடு சேர்த்து நெய்வது ஒன்று, நெய்து மடித்து வைத்த சேலைக்கு ஓரத்தில் கரை வைத்துத் தைப்பது இன்னொன்று. நீங்கள் செய்வது இரண்டாவது. அழகாகவே செய்யலாம். ஆனால் எந்தத் தையல் எங்கே விடுகிறது என்று தைத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கெங்கே விடுகிறது என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் மனத்தாங்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஜாங்கோவில் எழுதிய ஓர் ஆலையின் மென்பொருள். மாடலின் சேவ் மெத்தட்டுக்கும் டெலிட் மெத்தட்டுக்கும் உறை மாட்டி, எல்லா மாற்றமும் பதிவாகிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதே மென்பொருளில் விலைப்பட்டியலை மொத்தமாக மாற்றும் பக்கம் குவெரிசெட்டின் அப்டேட்டைக் கூப்பிடுகிறது. அப்டேட் என்பது நேரே எஸ்க்யூஎல் ஆகப் போய்விடும். சேவ் மெத்தட்டின் பக்கமே வராது, சிக்னலும் எழாது. மொத்தமாக அழிக்கும் டெலிட்டும் மாடலில் நீங்கள் உறை மாட்டிய டெலிட்டைக் கூப்பிடுவதில்லை. ஆக, ஒரு பில்லில் ஒரு ரூபாயைத் திருத்தினால் லாக்கில் வரும். ஆயிரம் பில்லை ஒரே சொடுக்கில் திருத்தினால் வராது. ஆடிட்டர் தேடுவது இரண்டாவதைத்தான் என்பதை நான் சொல்லியா தெரிய வேண்டும்?

ஃப்ராப்பேயில் வேலை செய்பவர்களும் சிரிக்க வேண்டாம். மும்பையில் பிறந்து இன்று நம் சிறு தொழில்களுக்குள்ளும் நுழைந்துவிட்ட ஈஆர்பிநெக்ஸ்ட்டின் அடித்தளம் அது. ஆவணம் சேமிக்கும்போதும் சமர்ப்பிக்கும்போதும் உங்கள் ஃபங்ஷனை நுழைக்க அதிலேயே ஹூக்ஸ் கோப்பு இருக்கிறது. நட்சத்திரக் குறி போட்டால் எல்லா ஆவண வகைகளுக்கும் சேர்த்தே நுழைக்கலாம். பாயிண்ட்கட் என்று பெயர் வைக்காத பாயிண்ட்கட். இவ்வளவு நல்ல வாசலை அவர்கள் திறந்து வைத்திருக்க, உங்களில் சிலர் ஆப்பின் இனிட் கோப்பில் மங்கி பேட்ச் எழுதி வைக்கிறீர்கள். அடுத்த பதிப்புக்கு மாறும் நாளில் அது சத்தமில்லாமல் உதிரும். ஹூக்ஸை ஒழுங்காகப் பயன்படுத்துபவர்களுக்கும் ஓர் ஓட்டை உண்டு. டேட்டாபேஸின் செட்-வேல்யூவை நேரே கூப்பிட்டால் எந்த ஹூக்கும் எழாது என்று அவர்களுடைய ஆவணமே எச்சரிக்கிறது. வேகமாக இருக்கிறதே என்று அதைத்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள்.

அடுத்தது, இரவு வேலை. உறை மாட்டும் கோப்பை வெப் சர்வர் தொடங்கும் இடத்தில் இம்போர்ட் செய்திருப்பீர்கள். இரவு ஸ்டாக்கைச் சரிசெய்யும் கிரான் ஸ்கிரிப்ட் வேறொரு பிராசஸ். செலரி வொர்க்கரும் அப்படியே. உறை என்பது அந்தந்த பிராசஸின் நினைவகத்தில் மட்டும் நடந்த மாற்றம். அந்தக் கோப்பை இம்போர்ட் செய்யாத பிராசஸில் பழைய கிளாஸ்தான் ஓடும். பகலில் கவுண்டரில் நடப்பதெல்லாம் பதிவாகி, இரவில் நடப்பது மட்டும் பதிவாகாத கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் ஆடிட்டர் என்ன நினைப்பார்? மென்பொருள் கோளாறு என்று நினைக்க மாட்டார். முதலாளியைத்தான் சந்தேகப்படுவார்.

அப்புறம் பரம்பரைச் சிக்கல். தாய்க் கிளாஸுக்கு உறை மாட்டினீர்கள். கிரெடிட் நோட் என்ற சேய்க் கிளாஸ் அதே மெத்தட்டைத் தானே மாற்றி எழுதி, தாயைக் கூப்பிடாமல் விட்டுவிட்டது. பதிவு இல்லை. சரி என்று இரண்டுக்கும் மாட்டினீர்கள். சேய் தாயைக் கூப்பிடும் இடங்களில் ஒரே மாற்றம் இரண்டு முறை பதிவானது. கோப்பு இரு வழிகளில் இம்போர்ட் ஆனால் உறைமேல் உறை. கெட்ஆட்டர் போட்டு எடுத்த ஸ்டாட்டிக் மெத்தட்டை வெறும் ஃபங்ஷனாகத் திரும்ப வைத்தால், அடுத்த அழைப்பில் செல்ஃப் கூடுதலாக உள்ளே வந்து நிரல் விழும். விழுவது நல்லது, உடனே தெரிந்துவிடும். அசிங்க் மெத்தட்டுக்குச் சாதாரண உறை மாட்டினால் விழவும் விழாது: வேலை தொடங்கும் முன்பே முடிந்தது என்று லாக் எழுதிவிட்டு நிம்மதியாகப் போய்விடும். இதில் மிக மோசமானது, டிரான்ஸாக்ஷன் ரோல்பேக் ஆன பிறகும் தனிக் கோப்பில் எழுதிய லாக் அப்படியே நிற்பது. நடக்காத மாற்றத்துக்குச் சாட்சி சொல்கிற புத்தகம் அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உறைக்குள் வரும் ஆர்கியூமெண்ட் அனைத்தையும் அப்படியே லாக்கில் கொட்டுகிறீர்கள். வாடிக்கையாளரின் கைபேசி எண், வங்கிக் கணக்கு, சில இடங்களில் பாஸ்வேர்டும்கூட. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. ஒரு சட்டத்துக்காக எழுதிய லாக்கே இன்னொரு சட்டத்தை மீறினால் எப்படி?

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பெங்களூரிலும் சென்னையிலும் பெரிய கம்பெனிகளே இப்படித்தான் செய்கின்றன. ஓப்பன்டெலிமெட்ரி பைத்தானில் தானாக மாட்டிக்கொள்வது இந்த முறையில்தானே என்பீர்கள். உண்மைதான். கிரகாம் டம்பிள்டன் எழுதிய ராப்ட் நூலகத்தை வைத்துக்கொண்டு, ஓடும் நிரலின் ஃபங்ஷன்களுக்கு அது உறை மாட்டுகிறது. டெஸ்ட் எழுதும்போது யூனிட்டெஸ்ட்டின் மாக் பேட்ச் செய்வதும் அதே வித்தைதான். ஆனால் அவர்கள் அளப்பது ஒரு வேண்டுகோளுக்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பதை. லட்சம் அளவீட்டில் நூறு தப்பிப்போனால் வரைபடம் மாறாது, யாருக்கும் நட்டமில்லை. உங்கள் பேரேட்டில் ஒரே ஒரு திருத்தம் தப்பிப்போனாலும் மொத்தப் பேரேடும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். ஒரே உத்திதான், ஆனால் அங்கே அது போதும், இங்கே தனியாக நின்றால் போதாது. இந்த ஒரு வேறுபாட்டை நீங்கள் ஏற்றுக்கொண்டால் மீதியில் நமக்குள் சண்டையே இல்லை.

இப்போது அந்த வாக்குக்கு வருகிறேன். முடக்க முடியாது என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். பைத்தானில் மாட்டிய உறையைக் கழற்ற ஒரு வரி போதும். ஃபங்க்டூல்ஸின் ராப்ஸை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அசல் ஃபங்ஷன் எங்கே என்று உறையே காட்டிக்கொடுக்கும். அதன்மேலேயே ராப்டு என்ற பெயரில் அது தொங்குகிறது. பிழை தேடுபவர்களுக்கு அது உதவி. ஷெல் திறக்கத் தெரிந்த அலுவலக உதவியாளருக்கும் அதே உதவிதான். இன்னும் கீழே இறங்கினால், எஸ்க்யூலைட் கோப்பை நேரே திறந்து மாற்றுபவருக்குப் பைத்தான் என்ற ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. 2023-24 நிதியாண்டின் கம்பெனி அறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். பெரிய பெரிய நிறுவனங்களிலேயே, டேட்டாபேஸில் நேரடியாகச் செய்யும் மாற்றங்களுக்கு ஆடிட் டிரெயில் இயக்கப்படவில்லை என்று ஆடிட்டர்கள் குறித்திருக்கிறார்கள். அவர்கள் அதை ஒளிக்கவில்லை, எழுதினார்கள். நாம் மட்டும் ஏன் இல்லாததை இருப்பதாகச் சொல்ல வேண்டும்?

நான் கேட்பது இதுதான். ஆஸ்பெக்ட்டை விட்டுவிடாதீர்கள், அதன் வேலையை மட்டும் அதற்குக் கொடுங்கள். டேபிளின் எந்த வரிசையில் எது எதுவாக மாறியது என்பதைப் பதிகிற வேலை டேட்டாபேஸுக்குரியது. போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு கணக்கு டேபிளுக்கும் ஒரு டிரிகர் எழுதுங்கள். சேவ் வழியாக வந்தாலும், அப்டேட் வழியாக வந்தாலும், நள்ளிரவு ஸ்கிரிப்ட் வழியாக வந்தாலும் அது பிடிக்கும். மாற்றம் ரோல்பேக் ஆனால் பதிவும் கூடவே போய்விடும். டேபிளின் சொந்தக்காரர் டிரிகரை நிறுத்திவைக்க முடியும் என்பதால், மென்பொருள் வேறொரு யூசராக இணையட்டும். அந்த யூசருக்கு லாக் டேபிளில் எழுத மட்டும் உரிமை, திருத்தவோ அழிக்கவோ இல்லை. சொந்தக்காரரின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று முதலாளிக்கும் ஆடிட்டருக்கும் எழுத்தில் தெரியட்டும். பதிவுகளை எட்டு ஆண்டு காக்க வேண்டும் என்பதையும் பேக்கப் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

டிரிகருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதற்கு டேட்டாபேஸ் யூசரின் பெயர்தான் தெரியும். கவுண்டரில் உட்கார்ந்து பில்லைத் திருத்தியது யார், எந்தத் திரையிலிருந்து, என்ன காரணம் சொல்லி என்பது தெரியாது. அதைச் சொல்லக்கூடியது உங்கள் பைத்தான் உறை மட்டுமே. வேலை தொடங்கும்போது யார், எதற்காக என்பதை அதே டிரான்ஸாக்ஷனுக்குள் டேட்டாபேஸிடம் சொல்லிவிடட்டும். டிரிகர் அதை எடுத்துத் தன் பதிவோடு சேர்த்துக்கொள்ளும். ஒரு பதிவில் ஆள் பெயர் காலியாக இருந்தால், உறைக்கு வெளியே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றின் ஓட்டையை இன்னொன்று காட்டிக்கொடுக்கும்படி அமைத்துவிட்டால், உங்கள் வித்தைக்கு இதைவிடப் பெருமை இல்லை.

உறை மாட்டும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ஒரு கோப்பு, அதில் எந்தக் கிளாஸின் எந்த மெத்தட் என்று பெயர் பெயராக ஒரு பட்டியல். எல்லா மெத்தட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவது வேண்டாம். ரெப்ர் மெத்தட்டுக்கும் சேர்த்து மாட்டி, லாக் எழுத ரெப்ரைக் கூப்பிட்டு, அது லாக்கைக் கூப்பிட்டு என்று முடிவில்லாமல் சுழன்ற நிரலையும் பார்த்தாயிற்று. பட்டியலிலுள்ள பெயர் கிளாஸில் இல்லாவிட்டால் மென்பொருள் தொடங்கவே மறுக்க வேண்டும். சேய்க் கிளாஸ்கள் தப்பாமலிருக்க பைத்தான் 3.6இல் வந்த இனிட்-சப்கிளாஸைப் பயன்படுத்துங்கள். புதிய சேய் உருவாகும் கணத்திலேயே அது உங்களிடம் சொல்லும். வெப் சர்வர், கிரான், செலரி எல்லாமே அந்த ஒரு கோப்பின் வழியாகவே தொடங்கட்டும். மாட்டிய உறைக்கு ஓர் அடையாளம் வையுங்கள், இரண்டாம் முறை மாட்டாமலிருக்க. வியாபார விதியை மட்டும் உறைக்குள் ஒளித்து வைக்காதீர்கள். தள்ளுபடி எங்கே கழிகிறது என்று இன்வாய்ஸ் கிளாஸ் முழுக்கத் தேடி, கடைசியில் லாக் கோப்பில் கண்டுபிடித்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டெஸ்ட் எழுதும்போது முன்வாசல் வழியாக மட்டும் போகாதீர்கள். மொத்த அப்டேட், நேரடி எஸ்க்யூஎல், உறையில்லாத பிராசஸ், நடுவில் விழுகிற டிரான்ஸாக்ஷன் என்று திருடன் வரக்கூடிய வழியெல்லாம் நீங்களே ஒருமுறை வந்து பாருங்கள். லாக்கில் அகப்பட்டால் சரி.

பிறகு முதலாளியிடம் போங்கள். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் தமிழில் ஒரு காகிதம்: எந்த மாற்றமெல்லாம் பதிவாகும், எது பதிவாகாது, யார் நினைத்தால் பதிவை நிறுத்த முடியும், அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது. அதன் நகலை ஆடிட்டருக்கும் கொடுங்கள். அவர் கேள்வி கேட்டால் நல்லது, பதிலையும் அதே காகிதத்தில் சேருங்கள். ஏற்கெனவே முடக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தவர்கள் அந்தக் கடிதத்தை இந்த நிதியாண்டு முடிவதற்குள் திரும்ப வாங்கி, புதியதைக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்
நாகல் நகர், திண்டுக்கல்